கறுப்பு சாக்ரடீஸ்

பர்ஸ்லெம்,
4 மார்ச் 1786

அன்புள்ள என் கணவருக்குக் கெஸியா எழுதுவது.

நலமா? கோபம் தணிந்ததா? நீங்கள் சூளையில் சுட்ட ராஜா பொம்மைகள் எல்லாம் மூக்கில்லாமல் வெளியே வந்தபோது நான் சிரித்தேன்தான். அதற்காக லண்டனுக்கா ஓடுவது?

இதைச் சொல்லாவிட்டால் என் தலை வெடித்துவிடும்! கனவான்கள் புத்தக அலமாரி மேல் வைக்கிற சாண் உயரக் கறுப்புத் தலைச்சிலைகள் இருக்கின்றனவே, அந்த வரிசையில் சாக்ரடீஸின் அச்சு லண்டனிலிருந்து வருகிற வழியிலேயே நொறுங்கிவிட்டது. முதலாளி டாஃப்ட் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். சிலைகளில் அச்சு விட்ட தழும்பைத் துடைப்பதோடு சரி என்றிருந்த நான், "நான் செஞ்சு பாக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டேன்.

வழுக்கை, சப்பை மூக்கு, உர்ரென்ற உதடு. யாரையும் பார்க்காமலே கை தானாகச் செய்தது. "யாரும்மா இந்த ஆளு? இப்பவே சண்டைக்கு வருவான் போலிருக்கே!" என்றார் முதலாளி. பெட்டி பெட்டியாக லண்டனுக்கு வருகிறது. கண்ணில் பட்டால் எழுதுங்கள்.

உங்கள் கெஸியா

லண்டன்,
2 ஏப்ரல்

கெஸியாவுக்கு,

பட்டது. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நானே கறுப்பாக உட்கார்ந்து என்னை முறைக்கிறேன்! கடைக்காரன் என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வாங்க சாக்ரடீஸ், உள்ள வாங்க" என்கிறான். இங்கே நான் வேலை பார்க்கிற பட்டறையிலும் அதுவே என் பெயராகிவிட்டது. என் மூக்கு அவ்வளவு சப்பையா?

உடனே அச்சை உடைக்கச் சொல். இல்லாவிட்டால் எனக்கு மனைவி என்று யாரும் இல்லை.

ஈனாக் கோல்க்ளஃப்

பர்ஸ்லெம்,
15 ஏப்ரல்

அன்புள்ள ஈனாக்,

அச்சு முதலாளியுடையது. மூக்கு உங்களுடையதேதான்.

என்னைச் சிலை வடிக்கிற வேலைக்கே உயர்த்திவிட்டார்கள்! அடுத்தது டெமாக்ரிட்டஸ். எந்நேரமும் சிரித்துக்கொண்டே இருந்த கிரேக்க ஞானியாம். பிசைந்து பிசைந்து அழிக்கிறேன். "இவனுக்கு என்ன, பல்வலியா?" என்கிறார் முதலாளி. என் கைக்குத் தெரிந்தது ஒரே முகம். அதன் கோபத்தை இருட்டிலும் செய்துவிடுவேன். அதன் சிரிப்பைக் கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையே!

மனைவி இல்லை என்று எழுதிவிட்டீர்கள். படித்ததிலிருந்து எனக்கும் சிரிப்பு வரவில்லை. ஒரு முறை வந்து என் எதிரில் உட்காருங்கள். சிரித்துக் காட்டிவிட்டு உடனே திரும்பிப் போனாலும் சரி.

கெஸியா

லண்டன்,
24 ஏப்ரல்

என் கெஸியா,

கண்ணாடி முன் நின்று சிரித்துப் பார்த்தேன். கண்றாவியாக இருந்தது. அதைப் பார்த்ததும் நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது; நிறுத்தவே முடியவில்லை. வாடகைக்கு அறை விட்டிருக்கிற வீட்டுக்காரி ஓடிவந்து, "யாருய்யா உள்ள? அந்த உம்மணாமூஞ்சி எங்க போனான்?" என்று கேட்டாள்.

நாளைக் காலை வண்டி ஏறுகிறேன். களிமண்ணை ஈரமாக வை. இந்தச் சிரிப்பு எத்தனை நாள் தாங்கும் என்று எனக்கே தெரியாது.

உன் ஈனாக்