உன் கிட்டாரில் போட்ட ஓட்டை

நோபல் பார்க்
23.01.2012

அன்புள்ள மகன் கோகுலனுக்கு,

நானும் அப்பாவும் நல்ல சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் மழை நாட்களில் தன் அபிப்பிராயத்தைச் சொல்லுகிறது. நீயும் பேர்த்தில் சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறோம். நீ ஃபோன் எடுக்காததையே அதற்கு ஆதாரமாக வைத்திருக்கிறோம்.

இதை ஃபோனில் சொன்னால் நீ சிரிப்பது எனக்குக் கேட்கும், அதனால் எழுதுகிறேன். அலுமாரிக்குப் பின்னால் நீ விட்டுப்போன கிட்டாரின் அடியில் ஒரு ஓட்டை போடுவித்திருக்கிறேன். பதறாதே. யூனியில் படிக்கும்போது அதை வாங்கி மூன்று மாதம் ஒரே பாட்டின் முதல் பாதியை வாசித்தாய், மற்றப் பாதிக்காக நாங்கள் ஐந்து வருடம் காத்திருந்தோம், பிறகுதான் நான் புதன்கிழமை கிட்டார் வகுப்பில் சேர்ந்தேன். போன வருடம் முதியோர் சங்கத்துப் பொங்கல் விழாவில் வாசித்தேன் அல்லவா, கீபோர்டும் தபேலாவும் சேர்ந்ததும் என் கிட்டார் எனக்கே கேட்கவில்லை. ஆனால் இறங்கி வந்ததும் எல்லாரும் அருமை, அருமை என்றார்கள். கேட்காத வாசிப்பை அத்தனை பேர் பாராட்டினால் மனிதருக்குச் சந்தேகம் வரும்தானே. இந்த முறை கேட்டே ஆகவேண்டும் என்று நின்றேன். டண்டினோங்கில் ஒரு கடைக்காரர், கம்பிகள் ஏறிநிற்கும் வெள்ளைத் துண்டின் கீழே மெல்லிய பட்டி ஒன்றை வைத்து, வயர் செருக அடியில் ஓட்டையும் போட்டுத் தந்தார். அதற்குப் பெயர் பிக்அப். கிட்டாரின் மரப் பெட்டியில் எது தட்டினாலும் அது ஸ்பீக்கருக்குச் சொல்லிவிடும் என்றும் சொன்னார். அந்த வசனத்தை நான் கவனிக்கவில்லை.

ஒத்திகையில் வயரைச் செருகி வாசிக்கத் தொடங்கினேன், ஆரோ குசினியில் கரண்டி கழுவுவது போல ஹோல் முழுக்க ஒரு சத்தம். கீபோர்ட் சச்சிதானந்தன் அங்கிள் பாட்டை நிறுத்தினார். தபேலாக்காரர் சிறி தன் மோதிரத்தைக் கழட்டிப் பார்த்தார். அப்பா குசினிக்குப் போய், அங்கே ஒருவரும் இல்லை என்று வந்து அறிவித்தார். கடைசியில் பார்த்தால் என் வலது கையின் மூன்று தங்கக் காப்புகளும் பெட்டியில் தட்டுகின்றன. கழட்டினால் சரி என்றேன். சங்கத்து மீனாம்பாள் அன்ரி, புருஷன் உயிரோடை இருக்க மேடையிலை வெறுங்கையோ, சனம் என்ன சொல்லும் என்று கேட்டா. சவுண்டைக் குறைச்சுவிடு பிள்ளை, ஒருத்தரும் கவனிக்க மாட்டினம் என்று வழியும் சொன்னா. அது போன வருடத்து வழி.

அவை கலியாணத்தன்று ஏறின காப்புகள், முப்பத்திரண்டு வருடமாக இறங்கவில்லை. எனக்கும் நெஞ்சுக்குள் ஒரு மாதிரித்தான் இருந்தது. அப்பாவிடம் கேட்டேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், எனக்கு ஒண்டும் வராது, நான் மருந்து ஒழுங்காய்க் குடிக்கிறனே என்றார். பிறகு தானே எழும்பிப் போய் கோப்பை கழுவுகிற சோப்பை எடுத்து வந்தார். அரை மணித்தியாலம் இருவரும் என் கையோடு போராடி மூன்றையும் கழட்டினோம்.

சனிக்கிழமை விழாவில் மீனாம்பாள் அன்ரி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தா. என்ரை மனுசன் முன் வரிசையிலைதான் இருக்கிறார், சந்தேகமெண்டால் தொட்டுப் பாருங்கோ என்று சொல்லிவிட்டு மேடையில் ஏறினேன். இரண்டாவது பாட்டில் ஓரிடத்தில் பிழை விட்டேன். கடைசி வரிசையில் கதைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். இறங்கி வந்தபோது இரண்டு பேர்தான் அருமை என்றார்கள். சிறி, அந்த இடத்திலை கொஞ்சம் அவசரப்பட்டிட்டீங்கள் அக்கா என்றார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, மகன்.

கிட்டார் இனி உனக்கு இல்லை, வேறு வாங்கிக்கொள். உன் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் வராமல் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும். உன் காரின் பதிவு, அந்த ரெஜோ, இந்த மாதத்தோடு முடிகிறது, மறந்துவிடாதே. அடுத்த பொங்கலுக்கு லீவு போட்டு வா. வந்து கேட்டுவிட்டு, பிழை எங்கே என்று சொல்லு.

உன் மேல் என்றும் அன்புள்ள அம்மா,
விஜயா தேவராஜா