கால் கிலோ மட்டி

ஒல்யாவ்,
நவம்பர் 3, ஞாயிறு

அன்பு மகள் லுசீலியாவுக்கு,

மாதா புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் நலமாக இருக்கிறோம், பூனையும் நலம். நீயும் நலமா என்று கேட்டு எழுதுவதுதான் முறை. ஆனால் நான் கேட்கப் போவதில்லை, ஏனென்றால் கேட்டால் நீ "நல்லா இருக்கேம்மா" என்பாய், போன நான்கு மாதமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாய். போனில் கேட்டால் லக்சம்பர்க்கில் மழை, பஸ் வந்துவிட்டது என்று ஏதாவது சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் கண்ணாடியைத் தேடியெடுத்து, கை வலியோடு உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் வெட்ட முடியாது. நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். நீ கட்டிய புருஷன் ஃபவுஸ்டினோவை விட்டுவிட்டுத் தனியாக ஓர் அறை எடுத்து இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். முகவரியைப் பார்த்தாயே, அங்கேதான் இந்தக் கடிதம் வந்திருக்கிறது. பயப்படாதே, திட்டுவதற்காக எழுதவில்லை. கொஞ்சம் திட்டுவேன், அதைப் பொறுத்துக்கொள்.

இங்கே மழை தொடங்கிவிட்டது. மேற்கே இருந்து வெள்ளம் உப்பங்கழிக்குள் இறங்கி, நல்ல தண்ணீர் கலந்து, கரையோர வளர்ப்புப் பாத்திகளில் மட்டி செத்துவிட்டதாக எல்லோரும் புலம்புகிறார்கள். நம்முடையது கொஞ்சம் உள்ளே தள்ளி இருப்பதால் தப்பியது. பக்கத்து வீட்டு ஜுல்மிரா முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டு இப்போது என்னைவிட வேகமாக மார்க்கெட்டுக்குப் போகிறாள், வாய் அதைவிட வேகமாகப் போகிறது. உன் அப்பா ஆபரேஷனுக்குப் பிறகு பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்து, தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து மறுபடி மண்வாரியை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போகிறார். கேட்டால் "நான் தூக்கல, கிளறத்தான் செய்றேன்" என்கிறார். அவரோடு நாற்பத்தைந்து வருஷம் ஓட்டியவளுக்குத் தெரியும், கிளறுவதற்கும் தூக்குவதற்கும் நடுவில் அவர் வைத்திருக்கும் வித்தியாசம்.

விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபர் தொடக்கத்தில் நீ போன் செய்து, "அம்மா, பூண்டு போட்டு மட்டி செய்வியே, கால் கிலோ மட்டிக்கு எத்தனை பல் பூண்டு?" என்று கேட்டாய் அல்லவா? எனக்குச் சிரிப்பாக வந்தது, கொஞ்சம் கோபமாகவும் வந்தது. கழிக்கரையில் பிறந்த பெண் கால் கிலோ மட்டி வாங்குவாளா? அதை நம் வீட்டில் பூனைக்குப் போடுவோம். இரண்டு கிலோவுக்குக் குறைந்து இந்தச் சட்டி அடுப்பேறியதே இல்லை. "கால் கிலோவுக்கு எனக்குக் கணக்குத் தெரியாதுடி" என்று சொல்லிவிட்டேன், நீயும் சரி என்று வைத்துவிட்டாய். அங்கே மீன்கடையில் யானை விலை சொல்கிறான் போலிருக்கிறது, பிள்ளை ஆசைக்கு அள்ளிச் சாப்பிட முடியாமல் கிள்ளி வாங்குகிறாள் என்று நானாக முடிவு செய்து, நீ கால் கிலோ கேட்டதை உன் அப்பாவிடம் சொல்லி, மூன்று கிலோ நல்ல மட்டியாகப் பொறுக்கி, வாய் திறக்க இடமில்லாமல் வலைப்பையில் இறுகக் கட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, மாதாமாதம் லக்சம்பர்க்குக்குச் சாமான் ஏற்றிப்போகும் வல்தெமீரோவின் வேனில் கொடுத்து அனுப்பினேன். எந்த முகவரிக்கு? எனக்குத் தெரிந்த ஒரே முகவரிக்குத்தான்.

சனிக்கிழமை போய்ச் சேர்ந்திருக்கும், நீ கூப்பிடுவாய் என்று காத்திருந்தேன். ஞாயிறு காலை மணி அடித்தது, எடுத்தால் ஃபவுஸ்டினோ. "அத்தை, மட்டியெல்லாம் செத்துப் போச்சு. பாதி வாயைப் பொளந்துக்கிட்டுக் கிடக்கு, மீதி தொட்டாலும் அசைய மாட்டேங்குது" என்றான். என்னடா செய்தாய் என்று கேட்டேன். சுத்தமாக இருக்கட்டும் என்று ராத்திரி முழுக்கக் குழாய்த் தண்ணீரில் ஊறப் போட்டானாம்! மலைக்காரனுக்குப் பன்றியையும் கஷ்கொட்டை மரத்தையும் விட்டால் என்ன தெரியும்? எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. உப்பில் பிறந்ததை நல்ல தண்ணீரில் போட்டால் சாகாமல் பாட்டா பாடும் என்று பத்து நிமிஷம் விடாமல் கத்தினேன். கடைசியில், "அவளுக்குன்னு வந்தது அத்தை, இன்னிக்குக் கொண்டுபோய்க் குடுக்கலாம்னுதான் வெச்சிருந்தேன்" என்றான். கொண்டுபோய் என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன். எங்கே கொண்டுபோய்? அதையே அவனிடம் கேட்டேன். அப்புறம் அந்தப் பெரிய ஆள், கட்டடத்தில் இரும்பு தூக்குகிறவன், சின்னப் பிள்ளைபோல விசும்பினான். நீ ஜூலையில் வெளியேறியதையும், அதிகாலையில் ஆபீஸ்களைக் கூட்டித் துடைக்கும் உன் வேலைக்குப் பக்கத்திலேயே அறை எடுத்திருப்பதையும், அதன் முகவரியையும் சொன்னான். "சண்டைன்னு எதுவும் இல்ல அத்தை. அவ வரும்போது நான் தூங்குவேன், நான் வரும்போது அவ தூங்குவா. அப்புறம் முழிச்சிருக்கும்போதும் பேச்சில்லாமப் போச்சு" என்றான். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினான். சொல்ல மாட்டேன் என்று நானும் சொன்னேன், இப்போது சொல்லிவிட்டேன், மாதா மன்னிக்கட்டும்.

அன்றைக்கு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மாதிரி நான்கு மாதம் என்னிடமிருந்து மறைத்திருக்கிறாயே என்று முதலில் கோபம். பிறகு ஜூன், ஜூலை என்று எண்ணிப் பார்த்தேன். ஜூனில் உன் அப்பாவின் நெஞ்சைக் கிழித்துத் தைத்தார்கள், ஜூலையில் நீ பெட்டியைத் தூக்கியிருக்கிறாய். அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்றுதானே வாயைத் திறக்கவில்லை? அந்த நாட்களில் நீ தினமும் கூப்பிட்டு மாத்திரை போட்டாரா, நடந்தாரா என்று எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தாய். நீ சாப்பிட்டாயா என்று நான் ஒரு நாளாவது கேட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன், நினைவில்லை. பெற்றவளுக்கு அது போதாதா வலிக்க? அடுப்படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

நானும் உன்னைப் போலவே செய்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. ஒன்பது நாள் மூடி வைத்தேன். பத்தாவது நாள் அவர் முற்றத்தில் மட்டி தட்டிக்கொண்டிருந்தார். உனக்குத் தெரியுமே, ஒன்றோடொன்று மோதி, காதில் வாங்கி, உயிருள்ளது கல்போலக் கேட்கும், செத்து உள்ளே சேறு அடைத்துக் கிடப்பது சப்பென்று கேட்கும், அதைத் தூக்கி எறிவார், ஒன்று தப்பிப் போனால் சட்டி முழுக்கச் சேறாகிவிடும் என்று. தலை நிமிராமலே, "புள்ள தனியா இருக்கா, இல்ல?" என்றார். யார் சொன்னது, ஜுல்மிராவா என்று நான் பதறினேன். "ஜுல்மிரா எதுக்கு? கால் கிலோன்னு அன்னிக்கு அவளே சொன்னாளே. கால் கிலோங்கிறது ஒரு ஆளு அளவு. ரெண்டு பேரு இருந்தா அரைக் கிலோ கேட்டிருப்பா. நாப்பது வருசமா எடை போடுறவன் நான், எனக்குத் தெரியாதா? நீதான் மூணு கிலோ கட்டி அனுப்பினே, அறிவுகெட்டவளே" என்றார். அப்புறம் மறுபடி இரண்டு மட்டியை எடுத்துத் தட்டினார். அவர் நெஞ்சு நின்றுவிடவில்லை, லுசீலியா. நமக்குத்தான் அது கண்ணாடி என்று பயம். அவருக்கு அப்போதே தெரிந்து, எனக்கு வலிக்கும் என்று அவர் என்னிடம் மறைத்திருக்கிறார். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் மறைத்து விளையாடியிருக்கிறோம்.

ஃபவுஸ்டினோ கெட்டவன் இல்லை. அதற்காக நீ திரும்பிப் போக வேண்டும் என்றும் இல்லை. அந்த வீட்டுக்குள் இருந்தவள் நீ, போவதா வேண்டாமா என்பது உன் விருப்பத்துக்கு விட்டது. ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்காதே, ஊர் ஜுல்மிராதான், அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் நீ கேட்ட ஒன்றுக்கு நான் பதில் சொல்லாமல் விட்டேனே, கணக்குத் தெரியாது என்று அலட்சியமாகச் சொன்னேனே, அதுதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது. அதனால் போன வாரம் அப்பா பாத்திக்குப் போயிருந்த மத்தியானங்களில், உன் சின்ன வயது முட்டை பொரிக்கும் சட்டியைத் தேடி எடுத்து, எனக்கு மட்டும் சமைத்துப் பார்த்தேன். முதல் நாள் பூண்டு அதிகமாகிக் காரமடித்தது. இரண்டாம் நாள் எண்ணெய் அதிகம். மூன்றாம் நாள் சரியாக வந்தது. எதிர் நாற்காலியில் பூனை ஏறி உட்கார்ந்தது, கணக்கு தப்பிவிடும் என்று இறக்கிவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த மேசையில் நான் தனியாகச் சாப்பிட்டதில்லை. ஒரு மட்டி ஓடு தட்டில் விழும் சத்தம் எவ்வளவு பெரிதாகக் கேட்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. நீ தினமும் இப்படித்தானே சாப்பிடுகிறாய் என்று நினைத்தேன்.

எழுதிக்கொள். கால் கிலோ மட்டி, எண்ணினால் இருபது சொச்சம். ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார், திறந்திருப்பது மூடாவிட்டால் எறி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி கல்லுப்பு, தலைதட்டி, அதற்குமேல் வேண்டாம். அதில் மட்டியைச் சல்லடையில் வைத்து இறக்கு, அடியில் படக் கூடாது, பட்டால் துப்பிய மணலைத் தானே திரும்ப இழுக்கும். மேலே ஒரு துணி போட்டு மூன்று மணி நேரம் விடு. பூண்டு பெரிய பல்லாக இரண்டு, கத்தியின் பட்டையால் நசுக்கினால் போதும், பொடியாக நறுக்காதே, கருகும். ஆலிவ் எண்ணெய் இரண்டு கரண்டி, மிதமான தீ, பூண்டு பொன்னிறம் ஆவதற்கு முன்பே மல்லித் தண்டும் மட்டியும் போட்டு, வெள்ளை ஒயின் ஒரு வாய் அளவு ஊற்றி மூடு. கரண்டி போடாதே, சட்டியின் காதைப் பிடித்துக் குலுக்கு. நான்கு நிமிஷம். உப்பு போடவே கூடாது, ஓட்டுக்குள் இருக்கும் தண்ணீரே போதும். திறக்காததை நெம்பாதே, தூக்கிப் போடு. எலுமிச்சை அரை மூடி, மல்லித்தழை. ரொட்டி மட்டும் வழக்கத்தைவிட ஒரு துண்டு கூட எடுத்துக்கொள். தனியாகச் சாப்பிடுகிறவளுக்குப் பேச ஆளில்லாததால் சாறு சீக்கிரம் தீராது, ரொட்டிதான் முதலில் தீரும், அதை நான் அனுபவித்தே எழுதுகிறேன்.

இப்போது கடைசியாக, மறக்கக் கூடாத ஒன்று. வல்தெமீரோவின் வேன் பதினாலாம் தேதி வியாழக்கிழமை விடியலில் கிளம்பி, பதினாறு சனிக்கிழமை மத்தியானம் உன் வாசலுக்கு வரும். அதில் மட்டிச் சாக்கு வரும், அதன் பக்கத்தில் உன் அப்பா உட்கார்ந்து வருவார். ஆமாம், படையில் போய் வந்ததைத் தவிர லிஸ்பனைத் தாண்டாத மனிதர். ஏன் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, "வல்தெமீரோ சாக்கை நனைக்க மாட்டான், வழியெல்லாம் காஞ்சு போகும். நான் தண்ணி தெளிக்கத்தான் போறேன்" என்கிறார். நானும் அப்படியே நம்புகிற மாதிரி தலையாட்டினேன். டாக்டர் இரண்டு மணிக்கு ஒருமுறை இறங்கி நடக்கச் சொல்லியிருக்கிறார், வல்தெமீரோவிடம் நான் சத்தியம் வாங்கிவிட்டேன். பத்து நாள் இருப்பார். அந்தப் பத்து நாளும் நான் எழுதிய அளவை நீ இரட்டிப்பாக்கிக்கொள், ஒற்றை ஆள் அளவை இங்கே நான் வைத்துக்கொள்கிறேன். வந்தவுடன் அவரிடம் எதுவும் விளக்கிச் சொல்லத் தொடங்காதே, அவருக்குத் தாங்காது. முதலில் சட்டியை அடுப்பில் வை.

மாதா உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும். தூக்கமில்லாமல் வேலைக்கு ஓடாதே, காதை மூடித் தொப்பி போட்டுக்கொள். உன் அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கிறது, தான் போனபோது நின்றுகொண்டே இருந்துவிட்டு வந்ததாக ஃபவுஸ்டினோ சொன்னதை நான் அப்பாவிடம் சொல்லித் தொலைத்தேன். நம் சமையலறை மேசையில் நீ எப்போதும் உட்காரும் நாற்காலியைக் கழுவித் துடைத்து, ஆடிய காலுக்கு ஆணி அடித்து, வேனில் ஏற்றுவதற்காக இப்போதே வாசலில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

உன்னைப் பெற்றவள்,
எர்மெலிந்தா