மூடி வைத்த பாண்

சேச்சி,

பாண் வாசம் மூக்கைத் துளைக்கிறது. இருக்கிற இடம் என்னவோ ஆஸ்பத்திரி. இருதய வாட்டின் கதவுக்கு வெளியே ஒரு வாங்கில் இருக்கிறேன். மடியில் ஒரு பை, பைக்குள் நீங்கள் பிரெட் என்கிற பாண், ஒரு றாத்தலில் இரண்டு, இன்னும் சூடு ஆறவில்லை. கதவுக்கு உள்ளே என் மனுசன் கிடக்கிறார்.

பின்னேரம் பாண்கார ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது. வெள்ளிக்கிழமை அல்லவா, கை தன்பாட்டில் இரண்டு பாண் வாங்கிவிட்டது. திரும்பி வந்தால் இவர் வாசற்படியில் நெஞ்சைத் தடவிக்கொண்டு இருக்கிறார். முகமெல்லாம் வேர்வை, உதடு வெளுத்துப் போயிருந்தது. அதற்குப் பிறகு நடந்த அமளியில் பையைக் கீழே வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. உள்ளே ஊசி போட்டிருக்கிறார்களாம். சுணங்காமல் கொண்டு வந்தது நல்லது, ஆனால் இப்போது ஒன்றும் சொல்ல ஏலாது என்று தாதி சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார். அந்த ‘ஆனால்’தான் என்னைப் போட்டு வதைக்கிறது.

நீங்கள் போய்விட்டீர்கள் என்பது தெரியாமலா எழுதுகிறேன்? உங்கள் மகள் போன் எடுத்து மலையாளமும் ஆங்கிலமுமாக அழுததை மறக்க நான் என்ன கல்லா? ஆனாலும் உங்கள் இலக்கத்தை அழிக்க மனம் வரவில்லை. அதற்குத்தான் இப்போது தட்டிக்கொண்டிருக்கிறேன். பொழுது படுமுன் முடித்தாக வேண்டும். பட்டுவிட்டால் உங்கள் ஓய்வுநாள் சபாத் தொடங்கிவிடும், பிறகு நீங்கள் போனைத் தொடமாட்டீர்கள்.

கொச்சியில் பிறந்து, சின்ன வயதில் தாய் தகப்பனோடு இஸ்ரேலுக்குப் போன யூதப் பெண் நீங்கள். நாடு மாறியும் வீட்டு மலையாளத்தை விடவில்லை. கடல் குளிக்கவென்று உப்புவெளிக்கு வந்து, எங்கள் மூன்று அறை விடுதியில் ஒரு கிழமை தங்க நினைத்தவர், நான் இவரை ஏசுகிற தமிழ் அத்தனையும் விளங்குகிறது என்று சொல்லி ஒரு மாதம் நின்றீர்கள். அதற்குப் பிறகு கடல் அடங்கும் காலமெல்லாம் வந்தீர்கள். அக்கா என்று கூப்பிட்டேன். சேச்சி என்று கூப்பிடு என்றீர்கள்.

முதல் வெள்ளிக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? உங்கள் அறையில் ஆளே இல்லாத குளியலறையில் லைற் எரிந்துகொண்டிருந்தது. வெள்ளைக்காரர்தான் கரண்டை வீணாக்குகிறார்கள் என்றால் இவவுமா என்று முணுமுணுத்துக்கொண்டு போய், எல்லா லைற்றையும் அணைத்துவிட்டு வந்தேன். சாப்பிடக் கூப்பிட வந்தால் நீங்கள் கும்மிருட்டில் கதிரையில் இருக்கிறீர்கள். சபாத் தொடங்கிவிட்டால் நீங்கள் லைற்றைப் போடவும் கூடாது, போடச் சொல்லிக் கேட்கவும் கூடாது. அதனால் என்னைப் பார்த்து, “இவிடே நல்ல இருட்டு, இல்லே?” என்று மட்டும் சொன்னீர்கள். ஓம், இருட்டுத்தான் என்று சொல்லிவிட்டு நானும் போய்விட்டேன். மூன்றாம் முறை நீங்கள் இருட்டைப் பற்றிக் கதைத்தபோதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது.

வெள்ளி பொழுது பட்டதிலிருந்து சனி இருட்டும் வரை நெருப்பு, சுவிச்சு, போன், வாகனம் ஒன்றும் தொடமாட்டீர்கள். ஆறு நாளும் உலகத்தை நான்தான் சுமக்கிறேன் என்று ஓடுகிறோம், ஏழாம் நாள் கையை எடுத்துவிட்டுப் பார், அது விழாது என்றீர்கள். எங்களுக்குச் சனி பிடித்தால் எள்ளெண்ணெய் எரித்து எப்படியாவது கழற்றப் பார்ப்போம், உங்களைக் கிழமைக்கு ஒருதரம் பிடிக்கிறது, நீங்களோ மெழுகுதிரி கொளுத்தி வரவேற்கிறீர்கள் என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

அந்த வெள்ளிகளில்தான் மேசையில் இரண்டு பாண், மேலே ஒரு வெள்ளைத் துணி. உங்கள் சாப்பாட்டு முறைக்கு ஆகுமா, என்ன எண்ணெய், என்ன கொழுப்பு என்று பாண்காரரைத் துருவித் துருவிக் கேட்டு அவருடைய உயிரை வாங்கிய பிறகுதான் பாணை வாங்கினீர்கள். ஒருத்திக்கு எதற்கு இரண்டு என்று கேட்டேன். அப்போது சொன்ன கதைதான் மன்னா. வனாந்தரத்தில் உங்கள் முன்னோருக்கு வானத்திலிருந்து விழுந்த உணவு. அன்றன்றைக்குப் போதுமானது மட்டும். நாளைக்கு விழாவிட்டால் என்ன செய்வது என்று பயந்து ஒளித்து வைத்தவர்களுக்குப் புழுத்துப் போனது. வெள்ளிக்கு மட்டும் இரண்டு பங்கு, அது சனிக்கும் கெடாமல் கிடந்தது. பனிக்குள் பொதிந்து விழுந்ததாம், அதற்குத்தான் துணி.

கதை நல்லது, எனக்குச் சரிவராது என்றேன். யுத்தமும் பார்த்து, கடல் ஊருக்குள் வந்ததும் பார்த்தவள் நான். அலுமாரி நிறைய அரிசி இருந்தால்தான் எனக்கு நித்திரை வரும். கடவுளில் வைக்கிற நம்பிக்கைக்கு உங்கள் வேத மொழியில் ஒரு சொல் இருக்கிறது என்று மட்டும் சொன்னீர்கள். என் காதில் அது ‘பித்தகோன்’ என்று விழுந்தது. பித்தன் எங்கள் சிவன், கோன் என்றால் அரசன், இது மலையில் இருக்கிற எங்கள் ஆள் கோணேசரின் பெயர்தானே என்றேன். அன்றிலிருந்து நீங்களும் ‘கோன்’ என்று இழுத்துத்தான் சொன்னீர்கள்.

ஆனால் என் நேர்த்திகள் உங்களுக்குப் பிடிக்கவில்லை. இவர் மீன்பிடிக்கக் கடலுக்குப் போனால் பத்திரகாளிக்கு ஒன்று, மகள் சோதனை எழுதினால் கோணேசருக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டே இருப்பேன். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், “எடி, இது நம்புறது இல்லா. பேரம் பேசுறது,” என்றீர்கள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அன்று பின்னேரம் உங்களுக்குத் தேத்தண்ணீர் தரவில்லை.

பிறகுதான் அந்தச் சனிக்கிழமை வந்தது.

விடியவே கச்சான் எழும்பிவிட்டது. நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. எஞ்சின் நின்றுபோன போட்டைக் கரை சேரவிடாது, ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டே போகும். இவர் அதற்கு முன்னமே தனியப் போயிருந்தார். காற்றைக் கண்டதும் மற்றப் போட்டெல்லாம் திரும்பிவிட்டன. மத்தியானமாகியும் இவரைக் காணவில்லை. போன் அடித்தால் வேலை செய்யவில்லை.

நான் என்ன செய்தேன்? சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கைக் கொளுத்திவிட்டு நிலத்தில் இருந்துவிட்டேன். பாற்குடம் எடுக்கிறேன், முடி இறக்குகிறேன், வெறுங்காலோடு மலை ஏறுகிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனேன். ஒருவருக்கும் போன் எடுக்கவில்லை. எடுத்தால், ஆளைக் காணவில்லை என்று என் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் அது நடந்துவிடும் என்று பயம். கடவுள் பார்த்துக்கொள்வார், கடவுள் பார்த்துக்கொள்வார் என்று அதையே மந்திரம் மாதிரிச் சொல்லிக்கொண்டு இருந்தேன்.

நீங்கள் வாசலில் வந்து நின்றீர்கள். சுவிச்சைக் கூடத் தொடாத மனுசி, வந்து பக்கத்தில் இருந்து கும்பிடுவா, வேறென்ன செய்வா என்றுதான் நினைத்தேன். எப்போது போனார் என்று கேட்டீர்கள். சொன்னேன். குனிந்து, விளக்கடியில் கிடந்த என் போனை எடுத்தீர்கள்.

“நம்பர் பற,” என்றீர்கள். பற என்றால் சொல் என்பது அதற்குள் எனக்குப் பழகியிருந்தது.

“சேச்சி, இண்டைக்குச் சனி.”

“உயிர் போகும்போ சனி இல்லா. நம்பர் பற.”

மீனவர் சங்கத் தலைவருக்கு எடுத்தோம், பிறகு கடற்படைக்கு. இலக்கத்தை நீங்கள் அழுத்தினீர்கள், கதைக்க மட்டும் என்னிடம் தந்தீர்கள். என் வாயால் சொல்ல வைத்தீர்கள். சொன்னேன். வானம் இடிந்து விழவில்லை. அடுத்தது ஓட்டோவில் என்னை ஏற்றி, நீங்களும் ஏறிக்கொண்டீர்கள். துறைமுகத்தில் கட்டியிருந்த ஒவ்வொரு போட்டடியிலும் போய் மலையாளத்தில் மன்றாடினீர்கள். கிண்ணியா ஊர்ப் படகோட்டி ஒருவர், இந்த அம்மா என்ன பாஷை கதைக்கிறா என்று என்னிடம் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் எஞ்சினைக் கிளப்பிவிட்டார். அவருக்குப் பின்னால் இன்னொரு போட்டும் போனது.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இருக்கவில்லை. ஐயோ சேச்சி, அந்தக் காத்திருப்பு. கடலைப் பார்க்கப் பார்க்கக் கண் எரிந்தது. தூரத்தில் தெரிந்த ஒவ்வொரு புள்ளியும் இவர்தான் என்று எழும்புவேன், இல்லை என்று இருப்பேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ ஓதினீர்கள். உங்கள் கை நடுங்கியது. இவ்வளவு நம்புகிற மனுசிக்கு என்ன நடுக்கம் என்று எனக்குள் கோபம் கோபமாக வந்தது.

வெயில் சாயத் தொடங்கியபோது கிண்ணியாக்காரரின் போட் எங்கள் போட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. போட்டின் முன் அணியத்தில் இவர், உதடெல்லாம் வெடித்து, ஏதோ கலியாண வீட்டுக்கு வந்தவர்போல் கையைக் காட்டிக்கொண்டு. எண்ணெய்க் குழாய் வெடித்ததாம், போன் தண்ணீரில் விழுந்ததாம். கரையில் கால் வைத்ததும் அவரை நான் ஏசிய ஏச்சு துறைமுகம் முழுக்கக் கேட்டது. ஏசி முடித்து அழத் தொடங்கினேன்.

எல்லாரும் ஓட்டோவில் ஏறும்போது நீங்கள் என் போனை என் கையில் வைத்தீர்கள்.

“ஆள் வந்தாச்சு. இனி எனக்குச் சனி.”

ஏறமாட்டேன் என்றுவிட்டீர்கள். உயிர் ஆபத்து முடிந்த இடத்தில் உங்கள் சனிக்கிழமை திரும்பத் தொடங்கிவிட்டது. குடை கூடப் பிடிக்கமாட்டீர்களாம். செய்தி கேட்டு வந்திருந்த தம்பியாரோடு இவரை அனுப்பிவிட்டு, வேறு வழியில்லாமல் நானும் உங்களோடு நடந்தேன். துறைமுகத்திலிருந்து உப்புவெளிக்கு அந்த வெயிலில் நடக்கிற இரண்டு பைத்தியங்களை ஊரே பார்த்தது.

வழியில் கேட்டேன். எல்லாம் அவன் செயல் என்கிறீர்கள், பிறகு ஏன் இந்த ஓட்டம் ஓடினீர்கள் என்று. நின்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னீர்கள்:

“மன்னா வாயில விழல்லே, எடி. நிலத்தில விழுந்தது. போய்ப் பொறுக்கணும்.”

பொறுக்குவது மட்டும்தான் எங்கள் வேலை, விழப் பண்ணுவது எங்கள் வேலை இல்லை என்றீர்கள். போன்தான் உன் மனுசனைக் கொண்டு வந்தது என்று நினைத்தாலும் பிழை, போன் எடுக்காமல் இருந்தாலும் பிழை என்றீர்கள். சரி, தேடியும் வராமல் போயிருந்தால் என்று விடாமல் கேட்டேன். அப்போதும் அவன் கையில்தான், ஆனால் எனக்கும் பயம்தான் என்று தணிந்த குரலில் சொன்னீர்கள். துறைமுகத்தில் நடுங்கிய கையை அப்போதுதான் நான் மன்னித்தேன்.

பிறகு உங்களுக்கே வருத்தம் வந்தது. போனில் உங்கள் குரல் நூலாகிக்கொண்டே போனது. மருந்து எடுக்கிறீர்களா என்று நான் அதட்டினால், பொறுக்கிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சிரிப்பீர்கள். உங்களுக்குத் தெரியாமல் கோணேசருக்கு உங்கள் பெயரில் ஒரு நேர்த்தி வைத்தேன். நீங்கள் பொறுக்கியும் போனீர்கள், நான் நேர்ந்தும் போனீர்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. என் கோனோடும் கதைக்கவில்லை, உங்கள் கோனோடும் கதைக்கவில்லை. உங்களைப் பார்த்து இரண்டு வாங்கிப் பழகியவள், வெள்ளிக்கிழமைகளில் ஒற்றைப் பாண்தான் வாங்கினேன். அதை எப்போது விட்டேன், எப்போது கை மறுபடி இரண்டுக்கு நீண்டது என்று எனக்கே தெரியாது.

இன்று வாசற்படியில் இவர் என்ன சொன்னார் தெரியுமா?

“இது வாய்வப்பா. ஒரு சோடா குடிச்சாச் சரி. கடவுள் பாத்துக்கொள்ளுவார்.”

அதே சொல், என் பழைய சொல். காது கூசியது. சாமிப் படம் நேரே தெரிந்தது. முன்னால் போய் இருந்துவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் கையில் போன் இருந்தது. பக்கத்து வீட்டு ஓட்டோவுக்கு அடித்தேன்.

“கடவுள் பாக்கட்டும். நீங்கள் ஓட்டோவில ஏறுங்கோ,” என்றேன்.

நாற்பது கதை சொன்னார். சட்டைக் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினேன். வழியெல்லாம் அவருடைய தலை என் தோளில் கனத்துக்கொண்டே வந்தது. பத்திரகாளி கோயிலைத் தாண்டும்போது ஒரு நேர்த்தி வைத்துவிட்டேன், ஒன்றே ஒன்று. ஏசாதேயுங்கோ, பழக்கம் லேசில் போகாது.

பொறுக்க வேண்டியதைப் பொறுக்கிவிட்டேன், சேச்சி. இனி என் கையில் ஒன்றும் இல்லை. இது ஆறுதல் என்று நீங்கள் சொன்னதில்லை, நானும் சொல்லமாட்டேன்.

பக்கத்தில் இருக்கிறவ கந்தளாயிலிருந்து வந்தவ, மகனை உள்ளே விட்டுவிட்டுக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீரும் குடிக்கவில்லை. ஒரு பாணைப் பிய்த்து இரண்டு பேருமாகச் சாப்பிட்டோம். மற்றதையும் எடுக்கச் சொன்னேனா என்று கேட்பீர்கள். இல்லை. அது நாளைக்கு, அது இவருக்கு. சேலைத் தலைப்பால் போர்த்தி மடியில் வைத்திருக்கிறேன்.

யன்னலுக்கு வெளியே உள்துறைமுகப் பக்கம் வானம் சிவந்து கறுத்துவிட்டது. கதவு திறக்கிறது. தாதி என் பெயரைக் கூப்பிடுகிறார். அவருடைய முகத்திலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை. என் கை நடுங்குகிறது, அன்றைக்கு உங்கள் கை நடுங்கிய மாதிரியே. எழும்பிப் போகிறேன். பொழுது பட்டுவிட்டது, சேச்சி, நீங்கள் போனை வையுங்கோ. பாண் மூடித்தான் இருக்கிறது.