பந்துக்கு எடுத்த அளவு

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். போனில் உன் குரலைக் கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

போன வாரம் எங்கள் ஆய்வுக்காக உன் மகளின் இடுப்பில் டேப் வைத்தேன். "குச்சியா கிடந்தவ இப்பத்தான் பந்தாயிருக்கா, கண்ணு வைக்காதடி" என்று நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆனால் அக்கா, கையும் காலும் இன்னும் குச்சிதான். வயிறு மட்டும்தான் பந்து.

இவளைப் போல சிறுநீரகம் பழுதான பிள்ளைகளின் ரத்தத்தில் சில நொதிகளை அளப்பது என் வேலை. உடம்பு உள்ளுக்குள் துருப்பிடிக்காமல் துடைத்துக்கொண்டே இருப்பவை அவை. இவளுக்குக் குறைந்திருக்கின்றன. அதோடு இடுப்பளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு நான்கும் ஏறியிருக்கின்றன. இப்படிச் சேர்ந்து ஏறினால் சிறுநீரகம் சீக்கிரம் கெடும், இதயத்தையும் தொடும். டாக்டர் கூப்பிடுமுன் நானே சொல்லிவிட நினைத்தேன். பயமாக இருக்கிறது.

உன் தங்கை

மார்ச் 9

தங்கச்சிக்கு,

அவ வாயைத் திறக்காம கிடந்த நாளெல்லாம் கெஞ்சிக் கெஞ்சி ஊட்டினவ நான். அந்தச் சதையைப் போய் நோய்ங்கிறியே? உன்னை வீட்டுல முதல் பட்டதாரின்னு தெருவெல்லாம் சொல்லித் திரிஞ்சேன். நீ என் பிள்ளைக்கே டேப்பைத் தூக்கிட்டு வந்துட்டே.

இன்னொண்ணு. அன்னிக்கு ரத்தம் எடுக்கணும்னு வெறும் வயித்துல கூட்டிட்டு வரச் சொன்னே. பசிக்குதுன்னு அழுதா. ஆஸ்பத்திரி வாசல்லயே சர்க்கரை போட்டு ஒரு டம்ளர் பால் கொடுத்தேன். நர்ஸ் கேட்டப்ப ஒண்ணும் சாப்பிடலைன்னுட்டேன். போதுமா?

அக்கா

மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

போதும். அந்த வரியைப் படித்து அழுதேன், பாதி நிம்மதியில். சர்க்கரையும் கொழுப்பும் அந்தப் பாலால் ஏறியிருக்கலாம். டாக்டரிடம் சொன்னேன். "அழுற பிள்ளையைப் பார்த்துக்கிட்டு எந்த அம்மா சும்மா இருப்பா? மறுபடி எடுத்துடலாம்" என்றார். ஆனால் இடுப்பளவும் அழுத்தமும் ஒரு டம்ளர் பாலில் ஏறியவை அல்ல. நொதிகள் குறைந்ததும் பாலால் இல்லை. அதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. நீ ஊட்டாவிட்டால் அவளே இல்லை, அது எனக்குத் தெரியாதா?

வியாழக்கிழமை காலை அழைத்து வா. முதல் ஆளாக அவளுக்கு ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். சாப்பாடு பையிலேயே இருக்கட்டும், ஊசி எடுத்த கையோடு கொடுத்துவிடலாம். என்ன கொடுப்பது என்று டாக்டரிடமே கேட்போம்.

அன்றைக்கு டேப்பைப் பார்த்ததும் அவள் உன் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஒரு தடவைகூடச் சித்தி என்று கூப்பிடவில்லை. இந்த முறை டேப்பை வேறு யாராவது பிடிக்கட்டும். ஊசி குத்தும்போது அவளை என் மடியில் உட்காரவைப்பாயா, அக்கா?

உன் தங்கை