காருக்குப் போட்ட சாமந்தி மாலை

ராஜா அண்ணாமலைபுரம்,
சென்னை.

அன்புள்ள சரணுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் கார் மூவரும் சௌக்கியம். உன் சௌக்கியம் அப்பா வழியாகத்தான் எனக்கு வந்து சேருகிறது, அதில் எவ்வளவு உண்மை என்று தெரியவில்லை. போனில் சொல்வதை விட்டுவிட்டு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் எனக்கு முறை வந்தால்தானே. மாடி வீட்டுச் சரண்யா லீவு முடிந்து உன் கனடாவுக்கு, அதே கால்கரிக்குத் திரும்புகிறாள், பருப்புப் பொடியோடு இதையும் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன், எனக்கு உன் காரின் கியர்பாக்ஸ் மேல் பொறாமை. சிரிக்காதே. நீ இங்கிருந்தபோது அந்தப் பழைய காரில் பெரிய இன்ஜினையும் வேறு எந்தக் காரிலிருந்தோ எடுத்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் அப்பாவும் நீயுமாகப் பொருத்தினீர்கள், கியர்பாக்ஸ் ஆயில் கொதிக்கிறது என்று அதை ஆற வைக்க ரேடியேட்டருக்கு முன்னால் தனியாக ஒரு கூலர், சூடு எவ்வளவு என்று பார்க்க ஒரு மீட்டர். அதோடு விட்டதா? ஞாயிற்றுக்கிழமை வந்தால் அப்பாவும் நீயும் முக்கால் மணி நேரம் பேசுகிறீர்கள், ஆயில் என்ன நிறம், தீய்ந்த வாடை வருகிறதா, லஸ் கார்னரில் மெட்ரோ வேலை நெரிசலில் ஊர்ந்து போகும்போது மீட்டர் எங்கே நின்றது என்று. எல்லாம் முடிந்து போனை வைக்கிற நேரத்தில் அம்மா சாப்பிட்டாங்களா என்று ஒரு கேள்வி. போன மாதம் எனக்கு நாலு நாள் காய்ச்சல் அடித்தது, அது உனக்குத் தெரியுமா?

இந்த ஆயுத பூஜைக்கு உன் அப்பா மயிலாப்பூர் மாட வீதிக்குப் போய்க் காருக்குக் கை தடிமனில் சாமந்தி மாலை வாங்கிவந்தார். எனக்கு ஒரு முழம் மல்லிகை, அதுவும் பூக்காரம்மா வீட்டுக்கு வேண்டாமா என்று கேட்டதால். மாலையை முன்பக்கம் கிரில்லை மறைத்து இறுக்கிக் கட்டினார். நான் மறுநாளே எடுத்துவிடலாம் என்றேன், பூஜை போட்ட மாலையை நாமாக அவிழ்க்கக் கூடாது, தானாக வாடி விழட்டும் என்றுவிட்டார். அந்த வாரமே மீட்டர் ஏற ஆரம்பித்தது. மாலை நாராகி விழுந்த பிறகும் இறங்கவில்லை. பம்பு போய்விட்டதா, ஆயில் குறைந்ததா என்று நீங்கள் இருவரும் மூன்று ஞாயிறு பேசினீர்கள், கடைசியில் கூலர் சின்னது, பெரியதாக ஒன்று அனுப்புகிறேன் என்று நீ சொன்னாய்.

அதற்குள் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகிவிட்டது. நீ பயப்படுவாய் என்று சொல்லியிருக்க மாட்டார், பயப்பட ஒன்றும் இல்லை, ஒரு மாதம் வண்டி ஓட்டக் கூடாது, அவ்வளவுதான். அதனால் இப்போது ஓட்டுவது நான். போன வியாழக்கிழமை அடையாறு பாலம் இறங்குவதற்குள் மீட்டர் நூற்று முப்பது டிகிரியைத் தொட்டது. ஓரம் கட்டி, இன்ஜின் ஆறட்டும் என்று காத்திருந்து, குனிந்து கிரில்லுக்குள் பார்த்தேன். சாமி படங்களுக்குப் பின்னால் காய்ந்த பூவைத் தினமும் பொறுக்குகிற எனக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. உதிர்ந்த சாமந்தி முழுக்க உள்ளே போய்க் கூலரின் தகடுகளுக்கு நடுவே அப்பிக்கிடந்தது. கொண்டை ஊசியால் எட்டின வரைக்கும் எடுத்துவிட்டு, நிறுத்தி நிறுத்திக் கிண்டிக்கு மெக்கானிக் உபைத் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போனேன். அவர் பார்த்துவிட்டு, "கூலர் சின்னதுலாம் இல்லம்மா, ஃபுல்லா பூ அடைச்சிக்கினு கீது, காத்து எப்டி உள்ள போவும்?" என்றார். பின்பக்கத்திலிருந்து தண்ணீர் அடித்துக் கழுவி, தீய்ந்த ஆயிலையும் மாற்றிக் கொடுத்தார். திரும்பி வரும்போது மீட்டர் தொண்ணூறைத் தாண்டவில்லை.

அந்த ஞாயிறு அப்பா உன்னிடம் என்ன சொன்னார்? "சரி பண்ணிட்டோம்டா." நீ ஸ்பீக்கரில் சூப்பர்ப்பா என்றாய். நான் அடுக்களையில் கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பண்ணிட்டோமாம். பூ வாங்கியவர் அவர், பொறுக்கியவள் நான்.

வெளியே போகும்போது காதை மூடிக்கொள், இரவில் பிரெட்டைக் கடித்துவிட்டுப் படுக்காதே, பொடியை ஈரக் கை படாமல் வை. கற்பகாம்பாள் உன்னை நல்லபடியாக வைத்திருப்பாள், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். இந்த வீட்டில் கியர்பாக்ஸ் சூடு தெரிந்த ஆள் இப்போது நான் ஒருத்திதான், மீட்டர் எவ்வளவு என்று அப்பாவிடம் சொல்வதை நிறுத்திவிட்டேன். தெரிய வேண்டுமென்றால் என் நம்பருக்குக் கூப்பிடு. கியர்பாக்ஸைப் பற்றி மட்டும்தான் பேச வருகிறதென்றால் அதையே பேசு, முக்கால் மணி நேரமும் பேசு, நான் கேட்கிறேன்.

உன் அம்மா,
விஜயலக்ஷ்மி