நிழலில்லா வெளிச்சத்துக்கு ஒரு கண்ணாடி

ஜனவரி 7, செவ்வாய்

முட்டி இரண்டும் வீங்கியிருக்கின்றன. காலுறையைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மதியத்துக்கு மேல் மேகம் மலையில் இறங்கிவிட்டது. மேல் கம்பிவட லிஃப்டுக்குக் கீழே எது மேடு, எது பள்ளம்? ஒன்றும் பிடிபடவில்லை. பாலுக்குள் நிற்பது போல இருந்தது. நிழலில்லா வெளிச்சம் எனக்குப் புதிதா என்ன? பனிச்சறுக்கு சொல்லிக்கொடுக்க வந்து இது முப்பத்தொன்றாவது சீசன். ஆனால் போன வருஷம்வரை கொஞ்சமாவது தெரிந்தது.

கண்ணில் மாட்டும் பனிக் கண்ணாடிதான் பழசாகிவிட்டது. ஈரமாக இருக்கும்போது உள்பக்கத்தைக் கையுறையால் துடைத்துத் துடைத்துக் கீறல். "உள்ளே துடைக்காதீங்க, பூச்சு போயிடும்" என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள் நான்தான். புதிது வாங்க வேண்டும்.

ஜனவரி 9, வியாழன்

கோர்பினியான் கடைக்குப் போனேன். நாலாம் வகுப்பில் என் பெஞ்சில் உட்கார்ந்தவன். இன்னும் அதே வாய்.

"ஏண்டி புர்கி, இந்தக் கண்ணாடியை வழியில மியூசியத்துல குடுத்துட்டு வந்திருக்கலாமே?"

ஹெல்மெட்டைப் போடச் சொல்லி, அதோடு ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தான். "நெத்தியில இடைவெளி விட்டா மூளை உறைஞ்சிடும். உனக்கு இருக்கறதே கொஞ்சம்." மூக்குப் பக்கம் விரலை விட்டுப் பார்த்தான். "இங்க காத்து போனா கண்ணுல தண்ணி கொட்டும். வெயிலுக்குக் கறுப்பு, மேகத்துக்கு ஆரஞ்சு. மாத்திப் போட்டியோ, தொலைஞ்சே."

ஆரஞ்சு வாங்கிக்கொண்டேன். கடை வாசலில் நின்று பார்த்தபோது பனியெல்லாம் தேன் நிறத்தில் இருந்தது. அப்பாடா என்றிருந்தது.

ஜனவரி 10, வெள்ளி

மேகம். ஆரஞ்சு. ஒன்றும் தெரியவில்லை.

ஜனவரி 13, திங்கள்

ஆரஞ்சைத் திருப்பிக் கொடுத்து, ரோஸ் நிறம் ஒன்று வாங்கிவந்தேன். கோர்பினியான் ஒரு மாதிரி பார்த்தான். "கல்யாணப் பொண்ணுகூட இவ்வளவு தயங்க மாட்டா" என்றான். எரிச்சலாக வந்தது.

இந்த வாரம் என் வகுப்பில் நான்கு பேர், எல்லோரும் பெரியவர்கள். ஒருத்தர் ஹாலந்திலிருந்து வந்திருக்கும் ஹோக்ஸ்ட்ரா அம்மாள். அறுபத்தொரு வயது, ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். மளிகைக் கடையில் வாங்கிய மலிவுக் கண்ணாடி, உரத்த குரல்.

காலையில் பனிச்சறுக்குப் பள்ளி வாசலில் ஒரே சிரிப்பு. வெண்டலின் கழுத்தில் மாட்டு மணி. எங்கள் பள்ளியில் சீருடையோடு விழுகிற பயிற்சியாளர் மறுநாள் முழுக்க அதைக் கட்டிக்கொண்டு திரிய வேண்டும். பள்ளித் தலைவன் என்றாலும் அவனுக்கும் அதே சட்டம்தான். அவனுக்கு நிற்கவே கற்றுக்கொடுத்தவள் நான்.

"புர்கி அக்கா கழுத்துல மட்டும் இது ஏறவே மாட்டேங்குது பாருங்க!" என்று மணியை ஆட்டினான்.

நானும் சிரித்தேன். மேகம் இறங்குகிறதா என்று மலையைப் பார்த்துக்கொண்டேன்.

ஜனவரி 15, புதன்

விழுந்துவிட்டேன்.

சமதரை என்று நினைத்துக் காலை விட்டேன். தரை இல்லை. மல்லாக்க விழுந்தேன். பின்னால் என் தடத்திலேயே வந்த ஹோக்ஸ்ட்ரா அம்மாள் எப்படியோ ஒடித்து நின்றுகொண்டார். "கட்டை கழண்டுடுச்சு" என்றேன். இரண்டு சறுக்குக் கட்டையும் காலிலேயே இருந்தன.

பள்ளிக்காரர்கள் யாரும் பார்க்கவில்லை. வெண்டலினிடம் சொல்லவில்லை. சொன்னால்? மேல் பாதையிலிருந்து எடுத்துவிடுவான். அடுத்த சீசனுக்குக் கூப்பிடமாட்டான். ஐம்பத்திரண்டு வயதில் வேறென்ன தெரியும் எனக்கு?

நாளை மஞ்சள் லென்ஸ் வாங்கிப் போட்டுப் பார்க்கிறேன். அசதியாக இருக்கிறது.

ஜனவரி 16, வியாழன்



மறுபடி மேகம். நான் முன்னால், நான்கு பேரும் பின்னால் வரிசையாக. திடீரென்று "டீச்சரம்மா, நில்லுங்க! நில்லுங்கன்னா!" என்று ஒரு கத்தல். நின்றேன். எனக்கு மூன்று கட்டை நீளத்துக்கு முன்னால் பாதை முடிந்து, ஓடைச் சரிவு. எல்லைக் கம்புகளுக்கு நடுவிலேயே புகுந்து வந்திருக்கிறேன். நான் போயிருந்தால் நான்கு பேரும் என் பின்னாலேயே வந்திருப்பார்கள். அப்படி வரத்தானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

"இவ்வளவு பெரிய பள்ளம் தெரியலையா உங்களுக்கு?"

"கண்ணாடி சரியில்லைம்மா."

"அப்படியா? குடுங்க அதை. என்னுதைப் போட்டுப் பாருங்க."

மாற்றிக்கொண்டோம். மளிகைக் கடைக் கண்ணாடியில் எனக்கு அதே பால். என் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "ஐயோ, பிரமாதமா இருக்கே! அதோ மேடு. அதோ பள்ளம். நம்ம வந்த தடம்கூடத் தெரியுது."

பிறகு கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். என்னைத் தனியாக ஒதுக்கி, குரலைத் தாழ்த்தினார். "முப்பது வருஷம் டிக்கெட் பார்த்தவ நான். டிக்கெட் இல்லாதவங்க மூஞ்சி எனக்குத் தெரியும். நேத்தும் கட்டை கழலலை."

அவர் முன்னால் இறங்க, நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே கடைசி ஆளாக இறங்கினேன்.

யாருக்காவது ஏதாவது ஆயிருந்தா? அடிப்பாவி, ஒரு மாட்டு மணிக்குப் பயந்துக்கிட்டு என்ன காரியம் பண்ணப் பார்த்தே நீ?

ஜனவரி 17, வெள்ளி

வெண்டலினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்தது, பொய், ஓடைச் சரிவு.

"என்கிட்டயா அக்கா மறைச்சே?"

"தப்புதான். மணியை எடு."

"அதெல்லாம் வேண்டாம் அக்கா. நீ முதல்ல டாக்டர்கிட்ட போ." தோளைத் தட்டிக்கொடுத்தான். தட்டியிருக்க வேண்டாம். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மணி பயிற்சியாளர்களுக்குத்தானே. அப்போ நான் யாரு?

சீருடையைத் துவைத்து மடித்து வைத்தேன். மதியமே படுத்துவிட்டேன்.

ஜனவரி 28, செவ்வாய்

நகரத்துக் கண் மருத்துவர் சின்னப் பெண். இரண்டு கண்ணிலும் புரையாம். பனி வெயிலில் கிடந்த உத்தியோகம், சீக்கிரமே வந்திருக்கலாம் என்கிறாள்.

நான் வாங்கிய கண்ணாடிகளை எல்லாம் ஒப்பித்தேன். ஆரஞ்சு, ரோஸ், மஞ்சள். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "உங்க கண்ணுக்குள்ளேயே ஒரு மஞ்சக் கண்ணாடி இருக்குங்க. முதல்ல அதை மாத்தணும்."

மார்ச்சில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன், ஏப்ரலில் மற்றதுக்கு. அதுவரை பள்ளிக் கிடங்கில் காலணிகளை உலர்த்தும் வேலை. ஈரக் காலணி நாற்றம். யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 19, புதன்

இன்றும் காலணிகள்.

ஏப்ரல் 24, வியாழன்

இரண்டாவது கண்ணிலும் கட்டு எடுத்துவிட்டார்கள். என் சமையலறைச் சுவர் வெள்ளை! நான் கேட்டது வெள்ளைதான், நீ அடித்தது பாலாடை மஞ்சள் என்று சுண்ணாம்படித்தவனோடு இரண்டு வருஷம் முன்னால் சண்டை போட்டேன். பாவம் அந்த மனுஷன். போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கண்ணாடியில் என் முகத்தையும் பார்த்தேன். அது தெரியாமலே இருந்திருக்கலாம்.

டிசம்பர் 12, வெள்ளி

கண் மருத்துவர் சரி என்று எழுதிக்கொடுத்துவிட்டாள். வெண்டலின் ஒரு மேகமூட்ட நாளில் தன்னோடு மேலிருந்து இறங்கச் சொல்லிச் சோதித்தான். மேடு மேடாகச் சொல்லிக்கொண்டே இறங்கினேன். கீழே வந்ததும் "திங்கக்கிழமையிலேர்ந்து வா" என்றான், அவ்வளவுதான்.

கோர்பினியான் பெட்டி பெட்டியாக எடுத்துப் பரப்பினான். "மகாராணிக்கு இந்தத் தடவை என்ன நிறம்?"

"மூக்குல ஒட்டணும், ஹெல்மெட்டோட சேரணும். மேகத்துக்கு ஒண்ணு, வெயிலுக்கு ஒண்ணு. பேசாம கட்டிக் குடு."

ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டேன். அவனுக்குத்தான் ஏமாற்றம்.

டிசம்பர் 22, திங்கள்

ஹோக்ஸ்ட்ரா அம்மாள் திரும்ப வந்திருக்கிறார், என்னையே கேட்டு. காலையில் நல்ல வெயில். லிஃப்டுக்கு எதிரே பனிமேல் விழுந்த நிழல் அப்படி ஒரு நீலம். இத்தனை வருஷமாக அந்த நீலத்தை மறந்தே போயிருந்தேன். அதைப் பார்த்துக்கொண்டே திரும்பினேன், ஒரு கட்டைமேல் இன்னொன்று ஏறி, பள்ளி வாசலிலேயே, எல்லார் முன்னாலும், குப்புற.

ஹோக்ஸ்ட்ரா அம்மாள் மேலே நின்று குனிந்து பார்த்தார். "என்ன டீச்சரம்மா, கட்டை கழண்டுடுச்சா?"

"இல்லைம்மா. விழுந்துட்டேன்."

வெண்டலின் உள்ளே போனான், மணியோடு வந்தான். நாளைக்குத்தான் கட்ட வேண்டும் என்பது சட்டம். அதுவரை பொறுக்க முடியவில்லை அவனுக்கு. "தலையைக் குனி அக்கா."

முட்டி வலிக்கிறது, கழுத்தும் வலிக்கிறது. எழுதும்போது மணி மேசையில் இடிக்கிறது. இன்னும் கழற்றவில்லை.