எத்தனை முறை விழுந்தாள்?

சூலூர்,
11.9.2024

அன்புள்ள சித்திகா,

இல்மாவுக்குச் சத்தம் ஆகவில்லை, அதனால் உங்கள் வீட்டில் போனையே அணைத்து வைத்திருக்கிறீர்கள் என்று பள்ளியில் சொன்னார்கள். சரி, எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கல்லூரி விடுமுறைகளில் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்ட நமக்கு, இருபது வருடத்துக்குப் பிறகு இப்படி ஒரு காரணம் வந்திருக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் நீ என் முகத்தையே பார்க்கவில்லை. வருத்தம்தான். ஆனால் பெற்றவளின் பதற்றம் எனக்குப் புரியாதா?

நடந்தது இவ்வளவுதான். குறுமையப் பள்ளிகளுக்கிடையே நடந்த கபடி இறுதி ஆட்டம். கடைசி நிமிடத்தில் பிடிக்கப் போன இல்மாவின் தலையில் எதிரணிப் பெண்ணின் முழங்கால் பட்டது. ஒரே ஒரு அடி. உடனே அவளை வெளியே எடுத்துவிட்டேன். வாந்தி வந்தது வெயிலாலும் இருக்கலாம். பள்ளிப் பதிவேட்டிலும் இப்படித்தான் எழுதியிருக்கிறேன். நாம் ஜெயித்ததை அவளிடம் சொன்னாயா?

அவள் அத்தாவைக் கோபப்பட வேண்டாம் என்று சொல். சீக்கிரம் தேறிவிடுவாள்.

உன்,
வரா

கோட்டைமேடு, கோவை,
22.9.2024

அன்பு வரா,

உன் கடிதத்தை இல்மாவின் அத்தாவுக்கும் படித்துக் காட்டினேன். நானாவது உன் கையெழுத்தைப் பார்த்ததும் கொஞ்சம் அழுதேன். அவர் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இல்மா தேறவில்லை. ஜன்னலைத் திறந்தால் கண்ணை மூடிக்கொள்கிறாள். குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்துகிறாள். இரண்டு வரி படித்தால் எழுத்தெல்லாம் நகர்கிறது என்கிறாள். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் வினையாகிவிட்டது.

"ஒரு தரம் இடிச்சதுக்கு ரெண்டு வாரமாப் படுத்துக்குவாங்களா? காலாண்டுக்குப் பயந்துக்கிட்டு நடிக்கறா" என்கிறார் அவர். முதலில் சண்டை போட்டேன். பிறகு எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அவளைக் கட்டாயப்படுத்திப் பரீட்சைக்கு அனுப்பினோம். அரை மணி நேரத்தில் தலையை மேசையில் கவிழ்த்துக்கொண்டாளாம். கூட்டிவரப் போனபோது, "நெசமாலுமே முடியலீம்மா" என்றாள். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் நான் அவளோடு பேசவில்லை.

நேற்று டாக்டர் ஒன்று கேட்டார்: "எத்தனை முறை விழுந்தாள்? முதல் அடியிலேயே தலை கலங்கி, அதோடு ஆடி இன்னொரு அடி வாங்கியிருந்தால், இப்படி நாளாகும். ஓய்வையும் மருந்தையும் அதற்கேற்ற மாதிரி பார்க்க வேண்டும். அப்படி இல்லையென்றால் மனநல மருத்துவரிடம் காட்டிப் பார்க்கலாம்." இல்மாவுக்கு அன்று காலை பஸ் ஏறியது வரைதான் ஞாபகம் இருக்கிறது.

"வரா அங்கயே இருந்தா. ஒரு அடின்னு எழுதியிருக்கா. அவ பொய் சொல்ல மாட்டா" என்று நானே டாக்டரிடம் சொன்னேன். இருந்தாலும் ஒருமுறை யோசித்துப் பார்த்து எழுது. கபடி வேண்டவே வேண்டாம் என்றவரிடம், நீ இருக்கிறாய் என்று சொல்லித்தானே அவளை அனுப்பினேன்.

அன்புடன்,
சித்திகா

சூலூர்,
27.9.2024

சித்திகா,

இரண்டு முறை விழுந்தாள்.

இந்த வரியை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது. மற்றதையும் எழுதிவிடுகிறேன். இதை அப்படியே டாக்டரிடம் காட்டு.

முதல் பாதியில், ஆட்டம் தொடங்கி எட்டு நிமிடம் இருக்கும். பாடிப் போன இல்மாவை மூன்று பேர் மடக்கினார்கள். பின்னந்தலை தரையில் மோதியது. சத்தம் எனக்குக் கேட்டது. தானாகவே எழுந்தாள். அவுட் ஆனவர்கள் தங்கள் அணியின் கோட்டுக்குப் பின்னால் போய் உட்கார வேண்டும் இல்லையா? அவள் எதிரணிப் பிள்ளைகளின் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள். மைதானமே சிரித்தது. நானும்தான். "ஏனுங்க அம்மணி, கட்சி மாறிப் போட்டீங்களா?" என்று கத்தினேன். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. அவள் மட்டும் என்னை யாரோ போலப் பார்த்தாள்.

எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. ஜூன் மாதம் எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. "தலையில் அடிபட்ட பிள்ளை தடுமாறினாலோ, இடம் தெரியாமல் விழித்தாலோ அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. சந்தேகம் வந்தாலே வெளியே உட்கார வையுங்கள். ஆடுகிறாயா என்று பிள்ளையைக் கேட்காதீர்கள், ஆடுகிறேன் என்றுதான் சொல்லும்" என்றார் வந்திருந்த டாக்டர். நான் அதை அடிக்கோடிட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

நம் அணி ஒரு புள்ளி எடுத்தது. ஒரு புள்ளிக்கு அவுட் ஆன ஒருவர் திரும்ப உள்ளே வரலாம். இல்மாவின் முறை. மாற்று ஆட்டக்காரி மானசா தயாராக நின்றிருந்தாள். எதிரணியை விட நாம் மூன்று புள்ளி பின்னால். அத்தனை பிள்ளைகளின் முன்னால் கேட்டேன்: "ஆடுவயா கண்ணு?"

"ஆடறனுங்க டீச்சர்" என்றாள். "தல மட்டும் கொஞ்சம் வலிக்குதுங்க."

"ஜெயிச்சாச் செரியாப் போயிரும். ஏறு."

இதை நான்தான் சொன்னேன். பள்ளியில் யாரும் ஜெயிக்கச் சொல்லி என்னை நெருக்கவில்லை. எட்டு வருடமாக எங்கள் அணி மாவட்டத்துக்குப் போகவில்லை, அந்த ஆசை என்னுடையது. முழங்கால் பட்டது அதற்கப்புறம், கடைசி நிமிடத்தில். உனக்கு எழுதியது அந்த ஒன்றை மட்டும்.

அவள் நடிக்கிறாள் என்று வகுப்பில் பேசுவது என் காதிலும் விழுந்தது. விளையாட்டு பீரியடில் என் எதிரிலேயே பேசினார்கள். கேட்டுக்கொண்டு விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை தலைமையாசிரியையிடம் இதையே எழுதிக் கொடுத்துவிட்டேன். பதிவேட்டையும் திருத்தினேன். அவர்கள் எதைச் செய்தாலும் சரி. நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்க வாய் வரவில்லை. அவளை நம்பு, சித்திகா.

வரலட்சுமி

கோட்டைமேடு,
9.10.2024

வரலட்சுமி டீச்சர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. டாக்டர் படித்துவிட்டு ஒரு நகல் எடுத்துக்கொண்டார். மனநல மருத்துவரிடம் போகும் பேச்சை விட்டுவிட்டோம். இருட்டு அறை தேவையில்லையாம். வலி கூடாத அளவுக்குத் தினம் கொஞ்ச நேரம் நடக்க வேண்டும், படிப்பைப் பத்து நிமிடம் பத்து நிமிடமாகக் கூட்ட வேண்டும் என்றிருக்கிறார். ஆண்டுத் தேர்வுக்குள் சரியாகலாம், இன்னும் நாளாகவும் செய்யலாம் என்கிறார்.

இல்மாவின் அத்தா அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி முழுவதையும் அவளுக்குப் படித்துக் காட்டினார். பாதியில் கடிதத்தை என்னிடம் நீட்டிவிட்டார். மீதியை நான் படித்தேன். நாங்கள் இருவரும் அவளை நம்பாமல் போனோம். அந்த வெட்கம் எங்களுடையது, அதை உங்கள் மேல் போடவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இல்மா உங்கள் மேல் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்ப நான் நடிக்கலதானேம்மா?"

தனக்கு வலிப்பது நிஜம்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்திருக்கிறது, டீச்சர். பதினாறு வயதில். மூன்று வாரமாக.

உண்மையை எழுதியதற்கு நன்றி. இனிமேல் எனக்கு எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
இல்மாவின் அம்மா